காலையில எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள வீட்டுல யாராவது ஒருத்தர் "முட்டி வலி உசுர எடுக்குதுப்பா"ன்னு சொல்லுவாங்க. நீங்களும் "டாக்டர்கிட்ட போகலாம்ல"ன்னு சொல்லிட்டு போனை எடுத்துடுவீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க ஊர் எழுமலை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரம். களை எடுக்குறது, பருத்தி எடுக்குறது, கடலை ஆயறதுன்னு பெண்கள் வேலையில பாதி குனிஞ்சு செய்றது, மீதி குத்தவச்சு செய்றது. அதனால மூட்டுவலி இல்லாத வீடே கிடையாது. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு. அப்பத்தாவுக்கு முழங்கால். அத்தைக்குக் கை விரல்கள். ரெண்டுக்கும் ஊருல ஒரே பேர்: வாதம். ரெண்டுக்கும் ஒரே மருந்து: கடையில காகிதத்துல மடிச்சுக் கொடுக்குற மாத்திரை. ஒரே பேர் இருந்ததால ஒரே நோய்னு நினைச்சோம். அந்தத் தப்புக்கு அத்தை விரல்கள் கொடுத்த விலையைப் பார்த்த பிறகுதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

முன்கூட்டியே சொல்லிடறேன், நான் மெக்கானிக்கல் பையன், டாக்டர் இல்ல. யாருக்கும் மருந்து சொல்றதுக்காக இதை எழுதல. நாம எதைக் கவனிக்கணும், எப்போ அவசரப்படணும், எப்போ பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான் இதுல இருக்கு.

அப்பத்தாவின் முழங்கால்

சித்த வைத்தியத்துல மூட்டு நோய்க்கு கீல்வாயுன்னு ஒரு பேர் உண்டு. கீல்னா மூட்டு. கதவோட கீலுக்கும் அதே சொல்தான். நமக்குப் பொருத்தமான பேர் இல்லையா? ஆனா முழங்கால் வெறும் கதவுக் கீல் இல்ல. மடக்கும்போது உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். எலும்போட முனைகள்ல சில மில்லிமீட்டர் கனத்துக்கு குருத்தெலும்பு இருக்கு. நம்ம ஆட்கள் ஜவ்வுன்னு சொல்றதுல இதுவும் சேர்த்தி. அதுல ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணி. நடுவுல வழவழன்னு ஒரு திரவம். இந்த ஏற்பாட்டுல வர்ற உராய்வு, நாம லேப்ல பார்க்குற எந்த சாதாரண பேரிங்கையும் விடக் குறைவு.

இதுல ஒரு விசேஷம், குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அப்ப சாப்பாடு எப்படிப் போகும்? ஸ்பாஞ்ச் மாதிரி. பாரம் விழும்போது அழுங்கி திரவத்தை வெளியே விடும், பாரம் எடுக்கும்போது உறிஞ்சிக்கும். நடக்குறதுதான் அதுக்குச் சாப்பாடு. "முட்டி தேஞ்சிருச்சு, இனிமே நடக்காத, உக்காந்தே இரு"ன்னு நாம சொல்ற அறிவுரை எவ்வளவு தலைகீழானதுன்னு இப்பப் புரியுதா?

நரம்பும் குருத்தெலும்புக்குக் கிடையாது. அப்போ வலிக்கிறது எது? சுத்தியிருக்கிற எலும்பு, உள்சவ்வு, தசை, தசைநார் எல்லாம். எக்ஸ்ரேல பயங்கரமா தேய்ஞ்சவங்க நல்லா நடக்குறதும், கொஞ்சமா தேய்ஞ்சவங்க வலியில துடிக்குறதும் இதனாலதான். எக்ஸ்ரேவைப் பார்த்து மனசு உடைஞ்சு போக வேண்டாம்.

இப்ப நம்ம வேலைக்கு வருவோம். ஃப்ரீ பாடி டயகிராம் ஞாபகம் இருக்கா? அப்பத்தா 60 கிலோன்னு வச்சுக்கோங்க. தாழ்வான பலகையில இருந்து எழுந்திருக்கிறாங்க. ஒரு காலுக்கு 30 கிலோ. உடம்போட பாரம் முழங்காலுக்குப் பின்னாடி 20 செ.மீ. தள்ளி விழுதுன்னு எடுத்துக்கலாம். இதைத் தாங்குறது தொடையோட முன்தசை. அதோட நெம்புகோல் கை சுமார் 5 செ.மீ. தான். 30 × 20 = 600. அதை 5 ஆல் வகுத்தா 120. அதாவது தசை மட்டும் 120 கிலோவுக்கு இழுக்கணும். அந்த இழுப்பும் மூட்டு மேலதான் வந்து அழுத்தும். பாரத்தையும் சேர்த்தா ஒரு முழங்காலுக்குள்ள கிட்டத்தட்ட 150 கிலோ.

இது தோராயக் கணக்குதான், ஆனா கற்பனை இல்ல. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வச்சு அளந்திருக்காங்க. சமதளத்துல நடந்தா உடம்பு எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. ஏறுறதை விட இறங்குறது கஷ்டம்னு அப்பத்தா எப்பவும் சொல்லும். "இறங்குறதுல என்ன கஷ்டம்"னு நாங்க சிரிப்போம். சென்சார் அப்பத்தா பக்கம்.

இந்தக் கணக்கை வச்சே பாதி வைத்தியத்தை யோசிச்சு எடுத்துடலாம்.

உயரத்தை மாத்துங்க. தாழ்வான பலகைக்குப் பதிலா நாற்காலி. கக்கூஸ் தரைமட்டத்துல இருந்தா மேல வைக்கிற கமோடு ஸ்டூல் வாங்குங்க, பெரிய செலவு இல்ல. எங்க வீட்டுல ஃபோன் வாங்குறதுக்கு யோசிக்காத நாங்க இதுக்கு ரெண்டு வருஷம் யோசிச்சோம்.

எடை கூடுதலா இருந்தா குறைக்கணும். முழங்கால் தேய்மானம் உள்ளவங்களை வச்சு அமெரிக்காவுல செஞ்ச ஆய்வுல, ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுக்கும் மூட்டுல 4 கிலோ அழுத்தம் குறையுதுன்னு கண்டாங்க. ஒரு நாளைக்கு எத்தனை எட்டு வைப்போம்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

கைத்தடி எந்தக் கையில? வலது முட்டி வலிச்சா இடது கையில. எதிர்க்கையில பிடிச்சா வலிக்கிற கால் ஊனும்போது தடியும் சேர்ந்து ஊனும், பாரம் ரெண்டு பக்கமும் பிரியும். எங்க தெருவுல தடி வச்சிருக்கிற அத்தனை பேரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. அப்பத்தாவுக்கு மாத்திக் கொடுத்தப்போ "எனக்கு நடக்கச் சொல்லித் தாரியாக்கும்"னு ஒரு முறை முறைச்சுது. மறுநாள் மாத்திப் பிடிச்சிருந்துச்சு.

எல்லாத்தையும் விட முக்கியம் அந்தத் தொடைத் தசை. அது பலமா இருந்தா அதிர்ச்சியை அது வாங்கிக்கும், மூட்டுக்குப் போகாது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, துண்டை நசுக்குற மாதிரி கீழே அழுத்தி 5 எண்ணுற வரைக்கும் பிடிச்சு விடணும். ஒரு காலுக்கு 10 தடவை, காலையும் சாயங்காலமும். பழகினப்புறம் நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து உட்காருற பயிற்சி. பலன் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். இதான் சிக்கல். மாத்திரை அரை மணி நேரத்துல வேலை செய்யும், பயிற்சி ரெண்டு மாசம் கேக்கும். அப்பத்தா தனியா செய்யாது. நான் வீடியோ கால்ல "எண்ணு அப்பத்தா"ன்னு உட்கார்ந்தா செய்யும். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் வழி இருக்கு. சுகர் மாத்திரை மட்டும்தான் கொடுப்பாங்கன்னு நினைச்சுட்டு நிறைய பேர் இதைக் கேக்குறதே இல்ல. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

தேய்ஞ்ச குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்குற மருந்து இதுவரைக்கும் வரல. "ஜவ்வு வளரும்"னு டப்பாவுல விக்கிற பவுடருக்குக் காசைக் கரைக்காதீங்க. முடக்கத்தான் தோசை தாராளமா சாப்பிடலாம், ருசியாவும் இருக்கும். அதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாம இருந்தா சரி. எல்லாம் செஞ்சும் ராத்திரி தூங்கவே விடலன்னாதான் மூட்டு மாற்று ஆபரேஷன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல பாலிஎத்திலீன் தட்டு, அதாவது ஒரு பேரிங் மாத்துறது. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டு வந்துச்சு. அதுவரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல போன கோபால்ட் குரோமியம் செயற்கை மூட்டு 54,720 ரூபாய்னு ஆச்சு. இது மூட்டோட விலை மட்டும், ஆபரேஷன் செலவு தனி. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அரசு ஆஸ்பத்திரியில முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேட்டுடுங்க.

அத்தையின் விரல்கள்

அத்தைக்கு அப்போ 38 வயசு. காலையில எழுந்து வாசல் தெளிக்க வாளியைப் பிடிக்க முடியல. தண்ணிக் குழாயைத் திருக முடியல. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, விரல் ஆரம்பிக்கிற கணுக்கள்ல வீக்கம். பத்து பத்தரை ஆனா கை கொஞ்சம் இளகிடும். மத்தியானம் சாதாரணமா வேலை செய்யும்.

வீட்டுல என்ன பேசினாங்க தெரியுமா? "காலை வேலைக்கு மட்டும்தான் இவளுக்குக் கை வலிக்கும் போல." நானும் அங்கதான் இருந்தேன். சிரிச்சேன்.

அந்தக் "காலையில மட்டும்"தான் நோயோட முகவரியே. தேய்மான மூட்டு காலையில ஒரு அஞ்சு, பத்து நிமிஷம் பிடிச்சுக்கிட்டு விட்டுடும், அரை மணி நேரத்தைத் தாண்டாது. அப்புறம் வேலை செய்யச் செய்ய வலி ஏறும், உட்கார்ந்தா குறையும். முடக்குவாதம் நேர் எதிர். காலையில ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்கூட இறுக்கம் இருக்கும். ஓய்வெடுத்தா மோசமாகும், அசைய அசைய இளகும். முடக்குவாதத்துல தேய்மானம் முதல்ல வர்றதில்ல. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி, மூட்டோட உள்சவ்வைத் தாக்குது. வீக்கம் வருது, அந்த வீக்கம் கொஞ்சம் கொஞ்சமா எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்குது. வயசானவங்களுக்குத்தான் வரும்னு இல்ல, முப்பது நாற்பதுலயே வரும். ஆண்களை விடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்.

தேய்மானத்துல நீங்க ஒரு வருஷம் தாமதிச்சா ஒரு வருஷம் வலி. முடக்குவாதத்துல ஒரு வருஷம் தாமதிச்சா எலும்பு போயிடும், போனது திரும்பாது. ஆரம்பிச்ச முதல் சில மாசத்துக்குள்ள சரியான மருந்து தொடங்கினா நோயை அடக்கி வைக்கலாம், விரல் வளையாம பார்த்துக்கலாம்.

எங்களுக்கு அந்தச் சில மாசம் மூணு வருஷமாச்சு. காரணம் அந்தக் காகித மடிப்பு. ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், ஒரு மஞ்சள். பேர் இல்ல, அட்டை இல்ல. சாப்பிட்ட ரெண்டாவது நாள் அத்தை வாளியைத் தூக்குச்சு. யாருக்குத்தான் நம்பிக்கை வராது? கொஞ்ச நாள்ல முகம் உருண்டையாச்சு, "சதை போட்டு நல்லா இருக்க"ன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அப்புறம் சுகர் வந்துச்சு. மாத்திரையை விட்டா முன்னை விட மோசமா வலி. பின்னாடிதான் தெரிஞ்சது, அதுல ஒண்ணு ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு விஷம்னு சொல்ல வரல. டாக்டர்களே குறைஞ்ச அளவுல, குறைஞ்ச நாளைக்குக் கொடுப்பாங்க. ஆனா அது வீக்கத்தை மூடி வைக்கும்போது அடியில நோய் தன் வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். கணக்கில்லாம சாப்பிட்டா எலும்பு மெலியும், சுகர் ஏறும். ரொம்ப நாள் சாப்பிட்டவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கே நிறுத்திடவும் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும்.

மடிப்புல இருக்குற இன்னொண்ணு பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையா இருக்கும். அதைப் பத்தி ஒரு கிளைக்கதை. மாடு நொண்டினா இந்த மருந்தைத்தான் ஒரு காலத்துல போட்டாங்க. அந்த மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தா செத்துச்சு. 2004ல காரணம் கண்டுபிடிச்சாங்க, 2006ல இந்தியா மாட்டு வைத்தியத்துல அதைத் தடை பண்ணுச்சு. நாம கழுகு இல்ல, நம்ம உடம்பு அதை விட நல்லாவே தாங்கும். ஆனா தினமும், வருஷக்கணக்கா, ஏற்கெனவே சுகரும் பிரஷரும் இருக்குற ஒருத்தர் விழுங்கினா நம்ம சிறுநீரகமும் வயிறும் கணக்கு கேக்கும்.

கடைசியில மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டர் எக்ஸ்ரேவைக்கூட முதல்ல பார்க்கல. கையைப் பிடிச்சு ஒவ்வொரு கணுவா மெதுவா அமுக்கிக்கிட்டே கேட்டார், "காலையில எந்திரிச்சா இந்த இறுக்கம் எவ்வளவு நேரம்மா இருக்கு?" மூணு வருஷத்துல அத்தைகிட்ட யாரும் கேக்காத கேள்வி. அத்தை பதில் சொல்லாம அழுதுச்சு.

அதுக்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இதுல ஒண்ணு கவனிங்க: ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்னு வந்தா மட்டும் முடக்குவாதம்னு ஆயிடாது, நல்லா இருக்குறவங்களுக்கும் வரும். நெகட்டிவ்னு வந்தா நோய் இல்லன்னும் ஆயிடாது. லேப் ரிப்போர்ட்டை கூகுள்ல போட்டு நாமளே தீர்ப்பு எழுதக் கூடாது. மூட்டு நோய்க்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்க, ரூமட்டாலஜிஸ்ட். எலும்பு டாக்டர் வேற, இவங்க வேற. வீங்கின மூட்டும் நீண்ட காலை இறுக்கமும் இருந்தா இவங்ககிட்டதான் போகணும்.

ஒரு சென்னை மாணவனின் மருந்து

அத்தைக்கு எழுதிக் கொடுத்த மருந்து மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதல்ல தொடங்குற மருந்து இதுதான். இதைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்துச்சு.

எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895ல பீமவரத்துல பிறந்தவர். மெட்ரிகுலேஷன் மூணாவது முயற்சியிலதான் பாஸ். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் குறிச்சு வச்சுக்கோங்க. நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சார். காந்தி சொன்னாருன்னு கதர்ல அங்கி போட்டுக்கிட்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போக, ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கல. கடைசியில எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம, அதை விடக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளியே வந்தார். அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வுக்கூடத்துல அவர் தலைமையில இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சுச்சு. அப்புறம் அந்த ஃபோலிக் அமிலத்தைத் தடுக்குற மருந்துகளையும் தயாரிச்சாங்க. அதுல ஒண்ணு மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத்தான் அந்த வகை மருந்து முதல்ல போச்சு. சுப்பாராவ் 1948ல இறந்துட்டார். 1988லதான் அமெரிக்காவுல முடக்குவாதத்துக்கு அதை அதிகாரப்பூர்வமா அனுமதிச்சாங்க. நாற்பது வருஷம் கழிச்சு.

"இது கேன்சர் மருந்தாமே"ன்னு பக்கத்து வீட்டுல யாரோ சொல்லி, அத்தை ஒரு மாசம் சாப்பிடாம ஒளிச்சு வச்சிருந்துச்சு. உண்மைதான், ஆனா புற்றுநோய்க்குக் கொடுக்குறதை விட மிகக் குறைஞ்ச அளவு இது. நான் சுப்பாராவ் கதையைச் சொன்னேன். கதைக்காக சாப்பிட்டுச்சா, நான் கெஞ்சினதுக்காகவா தெரியல.

இந்த மருந்துல உயிர் போற தப்பு ஒண்ணு இருக்கு. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுற மருந்து. தினமும் இல்ல. தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் விழுந்து இறந்தவங்க இருக்காங்க. சீட்டைப் படிக்கத் தெரியாதவங்க வீட்டுல இருந்தா இது உங்க பொறுப்பு. கூடவே டாக்டர் சொல்ற நாள்ல ஃபோலிக் அமில மாத்திரை, அப்பப்போ ரத்தப் பரிசோதனை. கர்ப்பமா இருக்கிறவங்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுறவங்களும் இதை எடுக்கவே கூடாது, டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். பலன் தெரிய ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள "இது கேக்கல"ன்னு காகித மடிப்புக்குத் திரும்பிடாதீங்க.

இன்னும் சில

2006ல சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டப்போ நம்மள்ல பல பேர் தொட்டில் குழந்தை. வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. 1952ல டாங்கன்யிகாவுல முதல்ல கண்ட நோய். அங்கத்து மகோண்டே மொழியில இருந்து வந்த அந்தப் பேருக்கே வளைஞ்சு போறதுன்னுதான் பொருள். காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடும், மூட்டுவலி மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல நிக்கும். அதனால மூட்டுவலின்னு போனா "முன்னாடி காய்ச்சல் வந்துச்சா"ங்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

ராத்திரி திடீர்னு கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போச்சுன்னா யூரிக் அமிலமா இருக்கலாம். அதுக்குத் தனி மருந்து இருக்கு. ஆனா ஒரே ஒரு மூட்டு வீங்கி, சூடா, காய்ச்சலோட இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. உள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், நாளைக்குன்னு தள்ளக் கூடாது.

அப்புறம் இது உங்களுக்கு, ஆமா ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு இதைப் படிக்கிற உங்களுக்கேதான். இடுப்புல, கீழ் முதுகுல மூணு மாசத்துக்கு மேல வலி. விடியற்காலையில வலி எழுப்பி விடுது. காலையில கட்டை மாதிரி இருக்கு. கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஓடினா சரியாகுது, ஞாயிற்றுக்கிழமை பூரா படுத்திருந்தா மோசமாகுது. இப்படி இருந்தா மெத்தையையும் லேப்டாப்பையும் குறை சொல்லிட்டு விட்டுடாதீங்க. முதுகெலும்பைப் பிடிக்கிற ஒரு வகை மூட்டு நோய் இருக்கு, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். பெரும்பாலும் இருபதுகள்லதான் தொடங்கும். சின்னப் பசங்களுக்கு என்ன முதுகுவலின்னு எல்லாரும் விடுறதால கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகுது. அங்கயும் அதே கேள்விதான் கேக்கணும்.

அத்தையோட விரல்கள் ரெண்டு வெளிப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. அது நிமிராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீக்கம் வடிஞ்சுடுச்சு, காலை இறுக்கம் இப்போ கால் மணி நேரம்தான். அடுப்படியில தொங்குற நாட்காட்டியில ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், மாத்திரை நாள். போன லீவுல போனப்போ பார்த்தேன், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் அத்தை தானே ஒரு டிக் போட்டிருந்துச்சு. பேனாவைப் பிடிச்சு.